நரசிம்ம ராவ் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ள 1991 ஜூலை மட்டும் போதுமா?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

நம் ஊர் அரசியல் பேச்சில் நரசிம்ம ராவ் என்றதும் வரிசையாக வருபவை இவைதான்: உம்மென்ற முகம், பாபர் மசூதி, எம்.பி.க்களுக்குப் பணம், 1996-ல் அதிமுகவோடு கூட்டணி. இவற்றோடு கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "சீர்திருத்தம் எல்லாம் மன்மோகன் சிங் செய்தது, இவர் சும்மா உட்கார்ந்திருந்தார்." இந்தக் கடைசிக் கூற்றை நானும் நெடுநாள் அப்படியே சொல்லி வந்தேன். 1991 ஜூன் 21 முதல் ஜூலை 24 வரை நடந்தவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபின் அதைச் சொல்ல முடியவில்லை.

அவர் எந்த நிலையில் நாற்காலியில் அமர்ந்தார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை. டெல்லி வீட்டைக் காலி செய்து ஹைதராபாத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தவர். மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகுதான் கட்சி அவரைத் தேடி வந்தது. காங்கிரசுக்கு மக்களவையில் பெரும்பான்மை இல்லை. குவைத் போரால் எண்ணெய் விலை ஏறியிருந்தது, வெளிநாடு வாழ் இந்தியர்கள் வைப்புகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த அந்நியச் செலாவணி 100 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் வரும். மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை ஜிடிபியில் 8 சதவீதத்துக்கு மேல். அமைச்சரவைச் செயலர் நரேஷ் சந்திரா இதையெல்லாம் குறிப்பாக எழுதி, பதவியேற்பதற்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்து அவர் செய்தவை:

நிதி அமைச்சர் பதவிக்கு அரசியல்வாதி வேண்டாம் என்று முடிவெடுத்தார். முதலில் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஐ.ஜி. படேலைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். பிறகுதான் மன்மோகன் சிங். ஜூன் 21-ல் பதவியேற்பு. ஜூலை 1-லும் 3-லும் ரூபாய் மதிப்புக் குறைப்பு. 4-ல் புதிய வணிகக் கொள்கை. அதே நாளில் தொடங்கி ரிசர்வ் வங்கியின் தங்கம் லண்டனுக்குப் போனது. 15-ல் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு தேறியது. 24-ல் பகலில் தொழில் கொள்கை, மாலை பட்ஜெட்.

பலரும் கவனிக்காமல் விடுவது தொழில் துறையை. அதை ராவ் வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். தொழில் தொடங்க டெல்லியில் வாங்க வேண்டியிருந்த உரிமம் ஒழிந்த கோப்பில் அமைச்சர் என்ற இடத்தில் கையெழுத்து அவருடையது, மன்மோகனுடையது அல்ல.

என் கேள்வி இதுதான். "செய்தவர் மன்மோகன்" என்ற வாதம் எந்த அளவு நிற்கும்? ஆதாரத்தோடு மறுப்பவர்கள் மறுங்கள்.

---

நாணயமாற்று

தேதிகள் எல்லாம் சரி. ஆனால் மதிப்புக் குறைப்பை ராவ் கணக்கில் எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் இரண்டு கட்டம்? ஒரே நாளில் 20 சதவீதம் குறைத்தால் அரசியல் அதிர்ச்சி பெரிதாக இருக்கும். 1966-ல் இந்திரா ஒரே அடியாகக் குறைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பேச்சு வாங்கினார். அதனால் முதலில் திங்கட்கிழமை 9 சதவீதம் அளவுக்குக் குறைத்துச் சந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது, பிறகு புதன்கிழமை 11 சதவீதம் அளவுக்கு. இந்தத் திட்டத்துக்கு வைத்த ரகசியப் பெயர் "ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்". டாலருக்கு 21 ரூபாய் சுற்றில் இருந்தது 26 அருகே போனது. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன். இருவரும் நம்மவர்கள்.

முதல் கட்டம் முடிந்ததும் எதிர்க்கட்சியும் சொந்தக் கட்சியும் சத்தம் போட, ராவ் தயங்கினார். புதன் காலை இரண்டாவது கட்டத்தை நிறுத்தச் சொன்னார். மன்மோகன் ரங்கராஜனைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் ரிசர்வ் வங்கி புதிய விலையை அறிவித்துவிட்டது. தொலைபேசி அரை மணி நேரம் முந்தியிருந்தால் ஜூலை 3 என்ற தேதியே வரலாற்றில் இருந்திருக்காது.

இடையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் முக்கியம். பாதி குறைத்துவிட்டு நிறுத்தினால், மீதியும் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஏற்றுமதி செய்பவர் டாலரை உள்ளே கொண்டுவராமல் வெளியிலேயே வைத்திருப்பார். இறக்குமதி செய்பவர் முந்திக்கொண்டு டாலர் வாங்குவார். இருக்கும் கொஞ்சமும் ஒரே வாரத்தில் கரைந்திருக்கும். ஆகவே அந்த இரண்டாவது கட்டத்தின் பெருமை ராவுக்குச் சேராது.

---

கணக்குப்பிள்ளை

ஏற்கிறேன். அந்தப் புதன்கிழமை அவர் தடுமாறினார். ஆனால் அதே நாள் மாலையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுத்துவந்த ரொக்க ஈட்டு மானியத்தை ஒழிக்கும் கோப்பு. வணிகத் துறை ப. சிதம்பரம் கையில். மானியத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஏற்றுமதி மதிப்பில் 30 சதவீதத்துக்கு எக்ஸிம் ஸ்கிரிப் என்ற இறக்குமதி உரிமைச் சீட்டு கொடுப்பது என்று திட்டம். அந்த ஸ்கிரிப்பை வைத்து இறக்குமதி செய்துகொள்ளலாம், வேண்டாமென்றால் சந்தையில் விற்கலாம். ரூபாய் மதிப்பு குறைந்ததால் ஏற்றுமதியாளருக்கு ஏற்கெனவே லாபம், ஆகவே மானியம் போனாலும் பெரிய இழப்பில்லை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான் இது ஓடியது. சிதம்பரமும் மன்மோகனும் பேசி முடித்துக் கோப்பைக் கொண்டுபோனபோது ராவ் அன்று மாலையே கையெழுத்திட்டார். மறுநாள் அறிவிப்பு.

காலையில் நிறுத்தச் சொன்னவர், நிற்கவில்லை என்று தெரிந்ததும் நிதி அமைச்சரையோ ரிசர்வ் வங்கியையோ கைவிடவில்லை, அடுத்த கோப்பிலும் கையெழுத்துப் போட்டார். எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

---

பட்டறை மணி

தொழில் கொள்கை பற்றி விரிவாகச் சொன்னால்தான் அந்தக் கையெழுத்தின் எடை தெரியும். இப்போது தொழில் தொடங்குபவர்களுக்குப் பழைய முறையைக் கற்பனை செய்வதே கடினம்.

1951-ம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி, பட்டியலில் உள்ள பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட முதலீட்டில் தயாரிக்க வேண்டுமானால் முதலில் டெல்லிக்கு விண்ணப்பம். உரிமக் குழு பார்த்து ஒப்புதல் கடிதம் கொடுக்கும். அது உரிமம் ஆகாது, உரிமத்துக்கு முந்தைய படி. பிறகு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்குவதற்குத் தனி அனுமதி, இயந்திரம் இறக்குமதி செய்யத் தனி அனுமதி, பங்கு வெளியிட மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரிடம் தனி அனுமதி. நிறுவனத்தின் சொத்து 100 கோடி ரூபாயைத் தாண்டினால் ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி இன்னொரு வாசல். எல்லாம் கிடைத்த பிறகு உரிமத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: என்ன செய்யலாம், எங்கே செய்யலாம், ஆண்டுக்கு எத்தனை செய்யலாம். அந்த எண்ணிக்கைக்கு மேல் செய்தால் குற்றம். ஒரு பக்கம் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள், இன்னொரு பக்கம் கூடுதலாகச் செய்தால் நோட்டீஸ் வரும்.

ஜூலை 24 அறிக்கை 18 தொழில்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உரிமத்தை எடுத்தது. பொதுத்துறைக்கு மட்டும் என்று ஒதுக்கிய தொழில்கள் 17-லிருந்து 8 ஆகின. 34 துறைகளில் 51 சதவீதம் வரை வெளிநாட்டுப் பங்குக்குத் தானியங்கி அனுமதி. ஏகபோகச் சட்டத்தின் சொத்து வரம்பு போனது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி அமைத்தால் இடத்துக்கும் மத்திய அனுமதி வேண்டாம். உரிமம் இருந்த இடத்தில் தொழில்முனைவோர் தகவல் குறிப்பு என்ற ஒரு படிவம் வந்தது. நிரப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இது அமைச்சரவைக்கு முதலில் வந்தபோது மூத்த காங்கிரஸ்காரர்கள் ஏற்கவில்லை, நேருவைக் கைவிடுவதாகப் பேசினார்கள். ராவ் ஷரத்துகளில் கைவைக்கவில்லை. அறிக்கையின் தலையில் நேரு, இந்திரா, ராஜீவ் மூவரின் தொழில் நோக்கையும் போற்றி நீண்ட முன்னுரை சேர்க்கச் செய்தார். இது தொடர்ச்சிதான், மாற்றம் அல்ல என்று சொல்லும் முன்னுரை. உள்ளடக்கம் அப்படியே இருக்க, எதிர்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தாக்கல் செய்ததும் அப்படித்தான். பிரதமர் தானே எழுந்து வாசித்திருக்கலாம். இணை அமைச்சர் பி.ஜே. குரியனை விட்டு அவையில் வைத்தார், அதுவும் பட்ஜெட் நாளில். மறுநாள் பத்திரிகையில் பட்ஜெட்டும் எரிவாயு விலையும்தான் பேச்சு. தன் பெயர் அடிபடாமல் வேலை முடிந்தால் போதும் என்று நினைத்தவரின் செயல் இது. "மன்மோகன் செய்தார்" என்று நாம் நம்பியதற்கும் இதுவே காரணம்.

---

செந்தாரகை

தோழர்களே, வேறு வழியே இல்லாதவர் செய்ததைத் துணிச்சல் என்று எழுதுகிறீர்கள். கடன் கொடுப்பவன் வாசலில் நிற்கிறான். ராவுக்கு முந்தைய சந்திரசேகர் அரசும் ஜனவரியில் ஐஎம்எஃப்பிடம் (சர்வதேச நாணய நிதியம்) கடன் வாங்கியது. மே மாதம் ஸ்டேட் வங்கி 20 டன் தங்கத்தைச் சுவிஸ் வங்கிக்கு விற்றதும் அந்தக் காபந்து அரசின் காலத்தில்தான். அந்த இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் எழுதுங்கள். ஜூலை 24-ல் உர விலையைச் சராசரியாக 40 சதவீதம் ஏற்றினார்கள். பணவீக்கம் ஆகஸ்டில் 17 சதவீதத்தை எட்டியது. 1991-92-ல் வளர்ச்சி ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. ஜூலை முடிவுகள் மேசையில் போட்ட கையெழுத்துகள் என்றால், அதன் விலையைக் கொடுத்தது ரேஷன் வரிசையில் நின்றவர்கள்.

---

கணக்குப்பிள்ளை

தோழர், உர விலை பற்றிச் சொன்னது உண்மை. அதன் பின்பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் எம்.பி.க்களே கொதித்தார்கள், ஆகஸ்ட் முதல் வாரத்தில் 40-ஐ 30 ஆக்கி, சிறு குறு விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ராவ் பின்வாங்கிய இடம் இது. எதில் பின்வாங்கினார், எதில் பின்வாங்கவில்லை என்று பார்த்தால், வாக்கு இருக்கும் இடத்தில் வளைந்தார், உரிமத்தில் வளையவில்லை.

"யார் இருந்தாலும் செய்திருப்பார்கள்" என்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. அதே நெருக்கடி 1991 பிப்ரவரியிலும் இருந்தது. சந்திரசேகர் அரசால் முழு பட்ஜெட்டையே வைக்க முடியவில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ் ஒத்துழைக்கவில்லை. ராவுக்கும் சிறுபான்மை அரசுதான். நெருக்கடி ஒன்றுதான், விளைவு வேறு. ஐஎம்எஃப்போடு பெரிய உடன்பாடு அக்டோபர் 31-ல்தான் கையெழுத்தானது. அதற்கு மூன்று மாதம் முன்பே உரிமம் போய்விட்டது.

---

செந்தாரகை

முன்கூட்டியே செய்து காட்டினால்தான் உடன்பாடு என்பது ஐஎம்எஃப்பின் வழக்கம். ஆகவே தேதி முந்தியது என்பதை மட்டும் வைத்து விருப்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்திரசேகரோடு ஒப்பிட்டது நியாயம். கட்சிகளைச் சமாளித்தது ராவின் வேலைதான், அதை மறுக்கவில்லை.

---

நாணயமாற்று

தங்கம் பற்றி ஒரு தெளிவு, ஏனென்றால் இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறார்கள். மே மாதம் போன 20 டன், கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்தது. ஸ்டேட் வங்கி வழியாக, திரும்ப வாங்கும் உரிமையோடு விற்றது. 20 கோடி டாலர் கிடைத்தது. ஜூலையில் போனது ரிசர்வ் வங்கியின் சொந்த இருப்பிலிருந்து 46.91 டன். அதை விற்கவில்லை. இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்து 40.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். பம்பாய்ப் பெட்டகத்தில் இருக்கும் தங்கத்தின் மேல் கடன் தர அவர்கள் தயாராக இல்லை, லண்டனுக்குக் கொண்டுவா என்றார்கள். அதனால்தான் விமானத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. தாலியை அடகு வைத்தது போல ஊரே பேசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கடனை அடைத்து மீட்டுவிட்டார்கள்.

அடுத்த படிகளில் அவசரம் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 1992 மார்ச்சில் டாலருக்கு இரட்டை விலை: ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதம் அரசு விலைக்கு, 60 சதவீதம் சந்தை விலைக்கு. எக்ஸிம் ஸ்கிரிப்புக்கு அதோடு வேலை முடிந்தது. ஓராண்டு பார்த்துவிட்டு 1993 மார்ச்சில் ஒரே சந்தை விலை. 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குக்கு முழு மாற்று வசதி, அதாவது வணிகம், பயணம் போன்ற செலவுகளுக்கு ரூபாயைத் தடையின்றி அந்நியச் செலாவணியாக மாற்றும் வசதி. 1991 மார்ச்சில் தங்கத்தையும் சேர்த்து 580 கோடி டாலராக இருந்த இருப்பு 1995 மார்ச்சில் 2,500 கோடியைத் தாண்டியது. ஒரு பிரதமர் ஆண்டுக்கு ஒரு படி என்று மூன்று ஆண்டு ஒரே திசையில் போனதற்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். ஜூலை 3-க்குக் கொடுக்க மாட்டேன்.

---

மணப்பாறை வாசகன்

நம் ஊரில் அவர்மேல் வெறுப்பு இறுகியது பொருளாதாரத்தால் அல்ல, 1996 கூட்டணியால். மாநிலக் காங்கிரஸ் முழுக்க அதிமுகவோடு சேரக்கூடாது என்று கத்தியது. ஜெயலலிதா அரசுமேல் அவ்வளவு கோபம் இருந்த நேரம். ராவ் கேட்கவில்லை. மூப்பனார் வெளியேறி தமிழ் மாநில காங்கிரஸ் தொடங்கினார், திமுகவோடு சேர்ந்தார். மக்களவையில் தமாகா 20, திமுக 17, சிபிஐ 2. முப்பத்தொன்பதும் போனது. சட்டமன்றத்தில் அதிமுகவுக்கு நான்கே இடம். சீர்திருத்தத்தில் அவருக்குக் கைகொடுத்த சிதம்பரமே தமாகாவில் நின்று ஜெயித்து அடுத்த அரசில் நிதி அமைச்சரானார்.

டெல்லியில் கோப்பைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ்நாட்டைப் படிக்கத் தெரியவில்லை. இங்கே அவரைப் பற்றிய எந்த மறுமதிப்பீடும் எடுபடாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

---

சாட்சிப் படிவம்

இவ்வளவு நேரம் எல்லோரும் ஒதுங்கிப் போன இடத்துக்கு வருகிறேன். 1992 டிசம்பர் 6, அயோத்தியில் பாபர் மசூதி இடிந்த நாள்.

இதில் என் கருத்து மாறவில்லை, 1991 பற்றி நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு இன்னும் கடுமையாகிறது. என்ன செய்திருக்க முடியும் என்பது திட்டவட்டமாகவே இருந்தது. உள்துறைச் செயலர் மாதவ் கோட்போலே தயாரித்த திட்டத்தின் சாரம்: முதலில் அரசியலமைப்பின் 356-ம் பிரிவின்கீழ் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்க வேண்டும், உடனே மத்தியப் படை மசூதிக் கட்டடத்தைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும். இவை இரண்டும் கரசேவகர் கூட்டம் சேர்வதற்கு முன், நவம்பர் முடிவதற்குள் நடந்தாக வேண்டும். கூட்டம் சேர்ந்தபின் கலைத்தால், மாநிலப் போலீசும் விலகி, மத்தியப் படையும் உள்ளே நுழைய முடியாமல், கட்டடம் கூட்டத்தின் கையில் தனியாக நிற்கும். ஆகவே அது காலாவதித் தேதி உள்ள திட்டம்.

தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் நவம்பர் 23-ல் பிரதமருக்கு எந்த நடவடிக்கைக்கும் ஆதரவு என்று சொல்லிவிட்டது. கட்சி, எதிர்க்கட்சி என்ற தடை அங்கே இல்லை. அவர் அன்றும் காத்திருந்தார். உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் அரசு உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த உறுதிமொழியை நம்பினார். சாதுக்களோடும் பாஜக தலைவர்களோடும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். மத்தியப் படை அயோத்தியை ஒட்டியே முகாமிட்டிருந்தது. ஆனால் சட்டம் ஒழுங்கு மாநிலப் பொருள், மாநில நிர்வாகம் கேட்டால்தான் படை நகர முடியும். சுடக்கூடாது என்பது கல்யாண் சிங்கின் உத்தரவு. நண்பகலில் ஏறினார்கள், மாலை 5 மணிக்குள் மூன்று கும்மட்டங்களும் தரையில். குடியரசுத் தலைவர் ஆட்சி அதற்குப் பிறகு வந்தது. பம்பாயில் மட்டும் டிசம்பர், ஜனவரி கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொல்கிறது.

1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்களைக் கொன்றபோது உள்துறை அமைச்சரும் இவர்தான் என்பதையும் சேர்த்தே வையுங்கள்.

---

பட்டறை மணி

ஐயா, அவர் பக்கத்தில் சொல்லக்கூடிய ஒன்றையும் பதிவு செய்கிறேன். உத்தரப் பிரதேச ஆளுநர் சத்தியநாராயண ரெட்டி டிசம்பர் தொடக்கத்தில் கலைக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தார். தேர்ந்தெடுத்த அரசைச் சந்தேகத்தின் பேரில் மட்டும் கலைத்தால் நீதிமன்றம் தடுக்கலாம் என்ற பயமும் இருந்தது. இடிப்பை விசாரித்த லிபரான் கமிஷன் அறிக்கையும் அவர்மேல் குற்றம் சுமத்தவில்லை.

---

சாட்சிப் படிவம்

ஆளுநர் கடிதம் உண்மை. ஆனால் அது வந்தபோது கோட்போலே திட்டத்தின் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. தவறியது அந்தக் கடிதத்துக்கு முந்தைய வாரம். நீதிமன்றம் பற்றிய பயமும் சட்டப்படி புரிகிறது. நான் கேட்பது அரசியல் கேள்வி. 1991-ல் அவருக்கு உதவியது என்ன? முன்னால் வராமல் இருப்பது, எதிரி தானே களைத்துப்போகும்வரை பேசிக்கொண்டிருப்பது, பொறுப்பை வேறொருவர் பெயரில் நிறுத்துவது. தொழில் கொள்கைக்கு முன்னுரை எழுதியவரின் அதே பழக்கம்தான் அயோத்தியிலும். கட்சிக்குள் மூத்தவர்கள் முன்னுரையில் சமாதானம் ஆனார்கள். அயோத்தியில் நின்றவர்கள் கடப்பாரையோடு வந்தவர்கள். அவர்களுக்குக் காலம் கொடுப்பது என்பதே உதவி.

---

கணக்குப்பிள்ளை

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இழையைத் தொடங்கியபோது இரண்டையும் தனித்தனி மனிதர்கள் போல வைத்துப் பேசினேன். அது தவறு. 1993 ஜூலை 28 நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் நானே வைக்கிறேன்: எதிர்த்து 265, ஆதரித்து 251. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் உள்ளிட்டோர் வாக்கால் அரசு தப்பியது. பணம் கைமாறியதாக வழக்கு. 2000-ல் ராவுக்குத் தண்டனை, 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுதலை என்பது சட்ட நிலை. அந்த வாக்கெடுப்பில் அரசு பிழைத்ததால்தான் 1994 படிகள் சாத்தியமாயின என்பதும் உண்மை. எனக்கு இது உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை.

---

பொன்னி கரை

யாரும் தொடாத ஒன்று. அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ராஜீவ் காலத்தில் மாநிலங்களவையில் தோற்றுப்போன யோசனையை ராவ் அரசு நிறைவேற்றியது. ஊராட்சிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம். அதன்படி தமிழ்நாடு 1994-ல் ஊராட்சிகள் சட்டம் போட்டது, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. திருத்தத்தில் இருந்த ஓட்டை, அதிகாரத்தை எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. 29 துறைகளின் பட்டியல் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்ற சொல் இல்லை. ஊராட்சித் தலைவர் கையில் இன்றும் பெரும்பாலும் விளக்கு, தண்ணீர், சாக்கடைதான் என்றால் அந்த இடத்தில்தான் காரணம் இருக்கிறது.

---

மணப்பாறை வாசகன்

மணி சார், ஒரு கேள்வி. அந்த 18 தொழில் பட்டியலில் கார் இருந்ததா? இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் கார் ஆலைகள் எல்லாம் 1991 அறிக்கையால் வந்தவை என்று பலரும் எழுதுகிறார்கள்.

---

பட்டறை மணி

இருந்தது. பயணிகள் கார் ஆடம்பரப் பொருள் என்று 1991 பட்டியலிலேயே வைத்துவிட்டார்கள். அதை எடுத்தது 1993-ல். ஃபோர்டு, மஹிந்திராவோடு சேர்ந்து மறைமலை நகருக்கு வந்ததும், 1996-ல் ஹூண்டாய் தொடங்கியதும் அந்த இரண்டாவது முடிவுக்குப் பிறகே. டிசம்பர் 6-க்குப் பிறகு, அரசு ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. உங்கள் தொடக்கப் பதிவு 1991 ஜூலை 24-ல் நின்றுவிடுகிறது, கணக்குப்பிள்ளை சார். இதையும் சேருங்கள்.

---

கணக்குப்பிள்ளை

சேர்த்துக்கொள்கிறேன். முதல் பதிவின் கீழே மூன்று வரி கூட்டுகிறேன்: ஜூலை 3 காலை அவர் நிறுத்தச் சொன்னது, 1992 நவம்பர் கடைசி வாரம், 1993-ல் கார் உரிமம் போனது. "சும்மா உட்கார்ந்திருந்தார்" என்ற வாக்கியத்தைத் தொழில் துறைக் கோப்புக்கு இனி நான் பயன்படுத்த மாட்டேன். அயோத்திக்கு அதை மாற்றவும் மாட்டேன்.